வாய்வார்த்தையாய்க் கொடுத்த வீடு

என் உயிருக்கு உயிரான வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உம்மாவின் இத்தா, அந்த நாலு மாதம் பத்து நாள் தனிமை, முடிந்துவிட்டது. இப்போது கூடத்தில் வந்து உட்காருகிறார், வருகிறவர்களிடம் பேசுகிறார், ஆனால் என் முகத்தைப் பார்த்து மட்டும் பேசுவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் செருப்பை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு நாள் கொடுத்துவிடலாம் என்று கையில் எடுத்தேன். எடுத்த நேரத்தில் உங்கள்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கோபத்தோடு ஒருவருடைய பொருளைத் தானம் கொடுத்தால் அது தானமாகாது என்று நினைத்து, மறுபடி கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டேன். அங்கேயே கிடக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படியாகத்தான் எழுதுகிறேன். வீட்டு விஷயத்தைத் தெருவில் வைக்காதே என்பீர்கள். வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளேயே, அதுவும் வீட்டுக்காரிக்கே தெரியாமல், மூடி வைத்ததால் வந்த வினைதானே வாப்பா இது?

முதலில் நல்ல செய்தி. உங்கள் பேத்தி ரிஸ்வானாவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டோம். கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். அதிகம் பேசாத பையன். அவனுடைய உம்மா நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிதான் இருக்கிறார். நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் பந்தல்காரனிடம் சண்டை போட்டு முடித்திருப்பீர்கள்.

நம் ஊர்ப் பழக்கம் வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாக இருக்கும். இங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். அதனால் பெண் பிறந்தாலே ஒரு வீடு கட்டியாக வேண்டும். அண்ணன் தம்பிகள் கப்பல் ஏறுவதும் விமானம் ஏறுவதும் பாதி அதற்காகத்தான். இந்தக் கடற்கரை ஊர்களில் ஒரு பெண்ணைப் பார்த்து உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், வீடு இருக்கிறது என்பாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் என் நிக்காஹ்வில் நீங்கள் சபை நடுவே எழுந்து நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் குடியிருக்கற இந்த வீடு இன்னையிலேர்ந்து என் மக சபியாவோடது. இந்த மஜ்லிஸ் சாட்சி." நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். அன்றிலிருந்து ஊரில் எல்லோருக்கும் அது சபியா டீச்சர் வீடு. தபால்காரருக்கும், பால்காரருக்கும், உங்களுக்கும்கூட. "என் மக வீட்டுல இருக்கேன்" என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களே. பத்திரம் உங்கள் பேரிலேயே இருந்தது. நம் ஊரில் யாரும் அதை மாற்றி எழுதுவதில்லை. பெற்ற தகப்பனிடம் எழுதிக் கேட்பதா என்று பெண்களுக்கும் கூச்சம்.

ரிஸ்வானா விஷயத்தில் அப்படி விடக்கூடாது என்று நினைத்தேன். சபையில் சொல்வதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும் என்று கும்பகோணத்துக்கு வக்கீல் மலர்க்கொடியைப் பார்க்கப் போனேன். மலர்க்கொடி யார் என்று மறந்திருக்க மாட்டீர்கள். வலங்கைமான் வீரையனின் மகள். அவள் கறுப்புக் கோட்டுப் போட்ட அன்று வீரையன் இனிப்போடு உங்கள் கைலிக் கடைக்கு வந்தாரே, அந்த மலர்க்கொடி.

வீரையன் கதையை நீங்கள் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். உச்சவரம்புச் சட்டம் வருகிறது, நிலம் போய்விடும் என்று ஒரு மிராசுதார் பயந்து விற்றபோது நீங்கள் மூன்று ஏக்கர் வாங்கினீர்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த வயலில் வீரையன் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கூலிக்கும் வாரத்துக்கும் உழுதுகொண்டிருந்தது. நீங்கள் நெல் கேட்கப் போன நாளில் வரப்பில் செங்கொடி நட்டிருந்தது. அறுத்த நெல் கட்டாமல் கிடந்தது. அது அந்தக் காலம். ஊருக்கு ஊர் அடிதடி, கூலிப் பேச்சு, போலீஸ் வண்டி. ஆட்சி மாறினாலும் வயலில் சண்டை மாறவில்லை.

நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. நாலைந்து வருடம் அலைந்துவிட்டு, வீரையனுக்கே விற்றுவிட்டீர்கள், தவணையில், குறைந்த விலைக்கு. அதில் உங்கள்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. பேச்சு முடிந்ததும் நீங்கள், என் வார்த்தை போதும், பயிர் வையுங்கள், பத்திரம் மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னீர்களாம். அதற்கு வீரையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வார்த்தையை நம்பியே எங்க அப்பன் காலம் போச்சுங்க. எழுத்துல குடுங்க" என்றாராம். அதை நீங்கள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஆள் கெட்டி, அப்படித்தான் இருக்க வேண்டும் என்றீர்கள். அடுத்த வாரமே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தீர்கள்.

உழுதவருக்கு எழுத்து கொடுத்தீர்கள் வாப்பா. மகளுக்கு வார்த்தை கொடுத்தீர்கள். இதை நான் இப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

மலர்க்கொடி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மூலப் பத்திரத்தை எடுத்து வாருங்கள் அக்கா, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஊருக்கு வந்து உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ஹஜ்ஜுக்குப் போன பாஸ்போர்ட் இருந்தது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக்கூட வைத்திருந்தீர்கள். வீட்டுப் பத்திரம் இருக்க வேண்டிய துணிப் பையில் ஜெராக்ஸ் மட்டும் இருந்தது.

உம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை. "ஜமாலக் கேளு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உம்மாவுக்குத் தெரியும். தம்பி ஜமாலுக்குத் தெரியும். என் வீட்டில் மூன்று பேர் எனக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் என்னோடு சோறு தின்றிருக்கிறார்கள்.

வங்கியில் இருந்தது பத்திரம். நானே போனேன். மேலாளர் புதியவர், நல்ல மனிதர். பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னார். கோப்பைத் திறந்ததும் முதல் பக்கம் முழுக்க என் எழுத்து.

உங்களுக்கு அந்த நாள் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னிடம் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, நிரப்பிக் கொடு புள்ள, என் எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும் என்றீர்கள். வங்கிக் கடன், வட்டி உண்டு. அது ஜமாஅத்துக்குத் தெரிந்தால் அசிங்கம், உன் மாமியார் வீட்டுக்கும் தெரிய வேண்டாம், உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன் என்றீர்கள். எனக்கு அன்று எவ்வளவு பெருமை தெரியுமா? மகனிடம் சொல்லாததை மகளிடம் சொல்கிறாரே என்று. பேர், தொழில், கும்பகோணத்தில் நீங்கள் வாடகைக்குக் கட்டிய லைன் வீடுகளின் விவரம் எல்லாம் அச்சடித்த மாதிரி எழுதினேன். ஈடு என்ற கட்டம் வந்தபோது, அதை விட்டுவிடு, மேனேஜர் பார்த்துப் போட்டுக்கொள்வார் என்றீர்கள். விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டத்தில் வேறு கையெழுத்தில் என் வீட்டுக் கதவு எண் இருந்தது. ஜாமீன்தாரர் இடத்தில் ஜமாலின் கையெழுத்து. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேலாளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ரகசியத்தில் பாதியை என்னிடம் கொடுத்து, மீதியை என்னிடமிருந்தே மறைத்திருக்கிறீர்கள். பாதியைக் கொடுத்ததே மீதியை நான் கேட்காமல் இருக்கத்தானா? இதை மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லை.

நீங்கள் வீடு கட்டி வாடகைக்கு விடக் கிளம்பிய கதையை இப்போது மறுபடி மறுபடி யோசிக்கிறேன். வலங்கைமான் நிலத்தோடு உங்களுக்கு நிலத்தின்மேலேயே பயம் வந்துவிட்டது. நிலம் என்றால் கொடி, வழக்கு, போலீஸ். வீடு என்றால் மாதம் பிறந்தால் வாடகை, யாரும் வரப்பில் நிற்க மாட்டார்கள் என்பீர்கள். கும்பகோணத்தில் கோயில் மனையில் ஒரு இடிந்த வீடு விலைக்கு வந்தது. மண் கோயிலுக்குச் சொந்தம், மேலே நிற்கும் கட்டடம் மட்டும் வாங்குகிறவருக்கு. வருடா வருடம் கோயிலுக்கு மனைப் பகுதி, அதாவது தரை வாடகை, கட்ட வேண்டும். அங்கே பாதித் தெரு அப்படித்தான். மற்றவர்கள் அதை ஒரு குறையாகப் பார்த்து விலையைக் குறைப்பார்கள். நீங்கள் மட்டும்தான் அதை ஒரு வசதியாகப் பார்த்தீர்கள். "மண்ணு நமக்கு வேணாம் புள்ள. மண்ணால பட்டது போதும். கட்டடம் போதும்" என்றீர்கள். மண்ணுக்குப் பயந்து, மண் இல்லாத வீட்டை வாங்கிய மனிதர் இந்த டெல்டாவில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

இடித்துவிட்டு முன்வரிசையில் மூன்று வீடு கட்டினீர்கள், வீரையன் தந்த பணத்தில். அதோடு நின்றிருக்கலாம். பின்வரிசையிலும் மூன்று வேண்டும் என்று ஆசை வந்தது. முன்வரிசையில் இரண்டு வீட்டை ஒத்திக்கு விட்டீர்கள். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைப்பது, போகும்போது அந்தத் தொகையைத் திருப்பித் தருவது. அந்தப் பணம் அஸ்திவாரத்தோடு சரி. மீதிக்கு வங்கிக்குப் போனீர்கள். மண் உங்களுடையது இல்லை, வெறும் கட்டடத்தை ஈடாக எடுக்க முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் இரும்புப் பெட்டி திறந்தது.

பின்வரிசை முடிந்ததும் அதிலும் இரண்டை ஒத்திக்கு விட்டீர்கள், முன்வரிசைக்காரர் ஒருவர் காலி செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டார் என்று. கடைசியில் ஆறு வீட்டில் வாடகை வந்தது மூன்றில்தான். தொழில் ஆரம்பிக்கிறவர் தவறு செய்வார், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆறு வீடும் விழுந்து மண்ணாகியிருந்தாலும், விடுங்கள் வாப்பா, ஊருக்கு வாங்க, என் வீட்டில் இருங்க என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வீடு மிச்சம் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தொழிலில் போடுவது வேறு, குடும்பம் படுத்துத் தூங்கும் கூரை வேறு என்று கைலிக் கடையில் நாற்பது வருடம் உட்கார்ந்த உங்களுக்கா தெரியாது? கடை நொடித்தால் கடையோடு போக வேண்டும் என்று கடன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்வீர்களே.

ஜமால் சவூதியில் இருந்தவரை தவணை கட்டியிருக்கிறான். ஊருக்கு வந்து கைப்பேசிக் கடை வைத்த பிறகு நின்றுவிட்டது. வங்கிக் கடிதங்கள் எல்லாம் உங்கள் பழைய கடை முகவரிக்குப் போயிருக்கின்றன. கடைசிக் கடிதத்தில் ஏலம் என்ற சொல் இருந்தது.

உங்கள் மருமகனுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். மாடியை அவர் கட்டினார். எட்டு வருடம் துபாய் வெயிலில் நின்று, ஒரு பெருநாளுக்குக்கூட வராமல் கட்டிய மாடி. இரும்புக் கடையில் நின்று நீங்கள்தான் கம்பி வாங்கிக் கொடுத்தீர்கள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "மாடியும் சேந்துதானா?" என்றார். ஆமாம் என்றேன். சரி, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் உங்களுக்காகப் பரிந்து பேசியிருப்பேன். அந்த வாய்ப்பையும் அவர் எனக்குத் தரவில்லை.

மலர்க்கொடியிடம் மறுபடி போனேன். அவள் கோப்பின் நகலைப் படித்துவிட்டு, வழி இருக்கிறது என்றாள். நம் சட்டப்படி வாய்மொழியாகக் கொடுத்த ஹிபாவும், அதாவது தானமும், செல்லும். கொடுத்தேன் என்று சொல்லி, நான் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் குடியும் இருந்தால் போதும். வீடு என் நிக்காஹ் அன்றே எனக்கு வந்துவிட்டது, பிறகு நீங்கள் ஈடு வைத்தது செல்லாது என்று வழக்குப் போடலாம். வருடக் கணக்கில் இழுக்கும், ஆனால் போடலாம். அதைச் சொல்லிவிட்டு அவள் பேனாவை மூடினாள்.

"ஆனா கோர்ட்டுல நீங்க சொல்ல வேண்டியது என்னன்னு யோசிச்சுக்குங்கக்கா. கொடுத்துட்ட பொருளைத் தெரிஞ்சே அடமானம் வெச்சாருன்னு உங்க வாயால சொல்லணும். உங்க அம்மாவும் தம்பியும் கூண்டுல ஏறணும்."

நான் அன்று பேருந்தில் வரும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். என் வீட்டை நான் மீட்க வேண்டும் என்றால் என் வாப்பா ஏமாற்றுக்காரர் என்று ஒரு நீதிபதி எழுத வேண்டும். அந்தக் காகிதத்தை வாங்கி எந்தப் பெட்டியில் வைப்பேன்? எழுதாமல் விட்டால் என் மகளுக்கு வீடு இல்லை. இப்படி ஒரு இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நீங்கள் ஆறடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

அப்போதுதான் உங்கள் ஜனாஸா நினைவுக்கு வந்தது.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் ஜமால் எழுந்து நின்றான். ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள், திரைக்குப் பின்னால் இருந்த எங்களுக்கும் கேட்டது. எங்க வாப்பா யார் மனசையாவது நோக வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு என்றான். எல்லா மையித்துக்கும் சொல்வதுதான். குரல் உடைந்து சொன்னான். பெண்கள் எல்லாம், பிள்ளை பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்றார்கள். நானும் அழுதேன். ஆண்கள் கூட்டத்தில் அவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டிருப்பான். யாருக்கு நீங்கள் அதிகம் கொடுக்க வேண்டியிருந்ததோ அவள் திரைக்குப் பின்னால் இருந்தாள். அது அவனுக்குத் தெரியும். நீங்கள் வீட்டைக் கொடுத்த வார்த்தையையும் நான் திரைக்குப் பின்னால்தான் கேட்டேன், உங்கள் கடனுக்கு நான் பொறுப்பு என்று அவன் சொன்ன வார்த்தையையும் திரைக்குப் பின்னால்தான் கேட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜமாலின் மாமியார் வீட்டுக்குப் போனேன். அதாவது அவன் மனைவியின் வீட்டுக்கு. அவன் மனைவி பேரில் பத்திரம் இருக்கிறது, நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் என்னைக் கண்டதும் எழுந்தான். வா லாத்தா, சாப்பிடலாம் என்றான். நான் உட்காரவில்லை.

"வாப்பா ஜனாஸாவுல நீ சபைக்கு முன்னாடி என்ன சொன்ன ஜமாலு?"

அவனுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "யாருக்காச்சும் வாப்பா குடுக்க வேண்டியது இருந்தா என்கிட்ட கேளுங்கன்னு."

"கேக்க வந்துருக்கேன்."

அவன் மனைவி தேநீர்த் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஜமால் ஏதேதோ சொன்னான். வாப்பாதான் சொல்லாதே என்றார்கள், கையெழுத்துப் போடு என்றால் போட்டேன், லாத்தா வீட்டை எவன் வந்து எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன், கடையில் ஓட்டம் இல்லை, கொஞ்சம் நாள் கொடு. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். சின்ன வயதில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டபோதும் இதே வரிசையில்தான் சொல்வான். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தானே இந்த வீட்டில் யாரும் எதையும் எழுதவில்லை?

"நாள் எடுத்துக்க. வார்த்தை வேணாம். எழுத்துல குடு" என்றேன். சொன்ன பிறகுதான் அது வீரையனின் வார்த்தை என்று உறைத்தது. அவருக்கு அதைச் சொல்ல மூன்று தலைமுறை ஆனது. எனக்கும் இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

எழுதிக் கொடுத்தான் வாப்பா. அடுத்த வாரம் ரிஜிஸ்தர் ஆபீசில் அவனும் உம்மாவும் இந்த வீட்டில் தங்களுக்கு உள்ள பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். உம்மா விரலில் மை தடவும்போது என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். ஜமால் தவணையில் பாதியைத் தன் கடையிலிருந்து கட்டுகிறான். மீதியை லைன் வீட்டு வாடகை கட்டுகிறது. வங்கியில் ஏலத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூலப் பத்திரம் கைக்கு வர மூன்று வருடம் ஆகும் என்று மேலாளர் சொன்னார். நிக்காஹ் மூன்று வாரத்தில்.

மாப்பிள்ளையின் உம்மாவிடம் நான் போய் உள்ளதைச் சொன்னேன். பத்திரம் வங்கியில் இருக்கிறது, சபையில் எழுந்து வீடு பெண்ணுக்கு என்று யாரும் சொல்லப் போவதில்லை, உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். நம் ஊரில் வீடில்லாத பெண்ணை யார் எடுப்பார்கள்? அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டார். "எங்க வூட்டுப் பத்திரம் யாரு பேர்ல இருக்குன்னு நானும் பாத்தது இல்லீங்க டீச்சர்" என்றார். அன்று மாலையே அவர் தன் அண்ணனைக் கேட்டதாகவும், அங்கே பெரிய பேச்சாகிவிட்டதாகவும் கேள்வி. அதற்குப் பிறகு நம் தெருவிலும் அடுத்த தெருவிலும் நிறையப் பெட்டிகள் திறந்திருக்கின்றன. சில வீடுகளில் உங்கள் பேரைச் சொல்லித்தான் திறக்கிறார்கள். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

கல்யாணம் நிற்கவில்லை. அதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டது உங்கள் பேத்திதான். பின்வரிசையில் ஒத்திக்கு இருந்த ஒரு குடும்பம் காலி செய்தது. அவர்களுக்குத் திருப்பித் தர என் வளையல்கள் போயின. காலியான வீட்டை வாடகைக்கு விட ஆள் தேடிக்கொண்டிருந்தேன். ரிஸ்வானா வந்து நின்றாள்.

"அவருக்கு வேலை கும்பகோணத்துலதானே உம்மா. அந்த வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விடுங்க. மத்தவங்ககிட்ட வாங்கறதையே எங்ககிட்டயும் வாங்குங்க. ஒப்பந்தம் எழுதிக்குங்க."

நம் குடும்பத்தில் ஒரு பெண் வாடகை வீட்டுக்குக் குடிபோவது இதுதான் முதல் தடவை. அதுவும் உங்கள் வீட்டுக்கே. மலர்க்கொடி ஒப்பந்தம் எழுதினாள். குடியிருப்பவர் என்ற இடத்தில் ரிஸ்வானா கையெழுத்துப் போட்டாள், நிதானமாக, முழுப் பேரையும். எந்தக் கட்டமும் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அவள் வாடகை நேராக வங்கிக்குப் போகும். நீங்கள் வைத்த ஈட்டை உங்கள் பேத்தி மாதா மாதம் மீட்டுக்கொண்டிருப்பாள், நீங்கள் மண் வேண்டாம் என்று வாங்கிய அந்தக் கட்டடத்தில் படுத்துக்கொண்டு.

நீங்கள் எங்களை நேசித்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மதிப்பெண் பட்டியலைப் பத்திரப்படுத்தி வைத்த மனிதர், அதே பெட்டியிலிருந்து என் வீட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டும் ஒரே கை. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நெஞ்சு எரிகிறது வாப்பா. என்னிடம் கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். உங்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் அது என் வீடு என்று நீங்களே ஒப்புக்கொண்டது ஆகிவிடும் என்றுதான் கேட்கவில்லையோ?

உங்களுக்காக ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன், அதில் ஒரு வேளைகூட விடவில்லை. இறைவன் உங்களைப் பொறுத்துக்கொள்ளட்டும், அது அவன் கையில். நான் பொறுத்துக்கொள்வது என் கையில். ஜனாஸாவில் சபையே பொறுத்துக்கொண்டோம் என்றது. நான் சொல்லவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மூன்று வருடம் கழித்து மூலப் பத்திரம் என் கைக்கு வரும் அன்று, அதை எந்தப் பெட்டியிலும் வைக்க மாட்டேன். நேராக ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் ரிஸ்வானா பேருக்கு எழுதுவேன். எழுதின காகிதத்தோடு நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்கு வருவேன். பெண்கள் உள்ளே வருவதில்லை, எனக்குத் தெரியும். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, உங்களுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக, பொறுத்துக்கொண்டேன் வாப்பா என்று சொல்வேன். அன்று உங்கள் செருப்பையும் தானம் கொடுப்பேன்.

அதுவரை காத்திருங்கள். இருபத்திரண்டு வருடம் நான் உங்கள் வார்த்தையை நம்பி இருந்தேன். மூன்று வருடம் நீங்கள் என் எழுத்தை நம்பி இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படிவத்தை நிரப்பிக் கொடுத்த
ஒரே மகள்
சபியா